ஓர் அடியில் தோற்பவர்

“இனி இந்த ஜென்மத்துல எவனுக்கும் நான் வேணும்னே தோற்க மாட்டேன். சாமியே இறங்கி வந்து எதிர்ல நின்னு ஆடினாலும் சரி, தோற்கடிச்சுத்தான் மலைக்குத் திருப்பி அனுப்புவேன்.”

கவாசாகியில் ஒரு சாராயக்கடையின் மாடியில், தன் பணி ஓய்வு விருந்தில், நுமாதா கெய்ஜி அவர்கள் எழுந்து நின்று செய்த பிரகடனம் இது. ஒரு கையில் பீர் கோப்பை, மறு கையில் கம்பியில் கோர்த்த கோழி ஈரல். கேட்டவர்கள் இருபத்துமூன்று பேர். கைதட்டியவர்களும் இருபத்துமூன்று பேர். அந்த அலுவலகத்தில் யார் எதைச் சொன்னாலும் கைதட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

நுமாதா கொதிகலன் வால்வு விற்றவர். முப்பத்தெட்டு ஆண்டு. வால்வு பற்றி அவருக்கு ஓரளவு தெரியும். அவருடைய உண்மையான ஞானம் வேறு துறையில் இருந்தது. வாடிக்கையாளரோடு கோல்ஃப் ஆடித் தோற்பது. நம் நாட்டில் விற்பனைப் பிரிவில் இருக்கிற யாரும் இதைச் செய்வார்கள். ஆனால் எல்லோரும் பாடுகிறார்கள் என்பதற்காக எல்லோரும் பாடகர் ஆகிவிடுவதில்லை.

கோல்ஃபில் குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் போடுபவர்தான் வென்றவர்; அதில் பத்து அடி வித்தியாசத்தில் தோற்பவன் சோம்பேறி. அது வாடிக்கையாளரை அவமானப்படுத்துவது. ‘இந்த மனிதனிடம் யாரும் தோற்கலாம்’ என்று ஊருக்குச் சொல்வது. நுமாதா தோற்றால் ஒரே ஓர் அடியில் தோற்பார், அதுவும் கடைசியான பதினெட்டாவது குழியில், அதுவும் பந்து குழியின் உதட்டை முத்தமிட்டு மனம் மாறி வெளியே வருகிற மாதிரி. அப்படித் தோற்க வேண்டுமென்றால் எதிராளியைவிட இரண்டு மடங்கு நன்றாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும். நுமாதாவுக்குத் தெரியும். “நைஸ் ஷாட்” என்று எந்தக் கணத்தில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். பந்து தரையைத் தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். ஆனால் அது குளத்துக்குப் போகவில்லை என்று உறுதியான பிறகு சொல்ல வேண்டும். இடையில் இருப்பது கால் வினாடி. அந்தக் கால் வினாடியில்தான் நுமாதா மூன்று கார்கள் வாங்கினார், தன் மகளைக் கல்லூரியில் படிக்க வைத்தார்.

இந்தக் கலையின் பெரும்பகுதியை அவர் அர்ப்பணித்தது குராமோச்சி என்பவருக்கு. ஒரு பெரிய காகித ஆலைக் குழுமத்தில் கொள்முதல் இயக்குநர். டோபிமோரி கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர். தேசிய சாம்பியன் போட்டி மூன்று முறை நடந்த மைதானம் அது. உறுப்பினர் ஒருவர் கூடவே வராவிட்டால் காகம்கூட உள்ளே பறக்காது. அங்கே பதினோரு ஆண்டுகள் நுமாதா குராமோச்சியிடம் ஓர் அடியில் தோற்றார். மழையில் தோற்றார். முதுகுப் பிடிப்போடு தோற்றார். மாமனார் இறந்த மறுவாரம் கறுப்பு டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்து தோற்றார்.

பன்னிரண்டாம் ஆண்டு, ஆட்டம் முடிந்து கிளப்பின் குளியல் தொட்டியில், நெற்றியில் மடித்த துண்டோடு இருவரும் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருந்தபோது குராமோச்சி சொன்னார்:

“நுமாதா, தப்பா எடுத்துக்காதே. வால்வு ஆர்டரை இந்தத் தடவை வேற கம்பெனிக்குக் குடுத்துட்டேன்.”

“அப்படிங்களா சார்.”

“அந்தக் கம்பெனி பையன் போன மாசம் இங்க வந்து என்னை ஒன்பது அடியில தோற்கடிச்சான். பளிச்சுனு இருந்துச்சு. முதுகெலும்புன்னா அது. நீ பதினோரு வருஷமா என்கிட்ட தோத்துட்டே இருக்கே. ஜெயிக்கத் தெரியாதவன் விக்கிற வால்வு எப்படி ஆவியைத் தாங்கும்னு ஒரு யோசனை வந்துச்சு.”

பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த இரண்டு உறுப்பினர்கள் சிரித்தார்கள். நுமாதாவும் சிரித்தார். “நியாயம்தான் சார்” என்று சொல்லி, துண்டை எடுத்துப் பிழிந்து மறுபடி நெற்றியில் வைத்துக்கொண்டார். அடுத்த ஏப்ரலில் அவரை வடகோடியில் இருந்த குஷிரோ கிளைக்கு மாற்றினார்கள். அங்கே ஐந்து ஆண்டுகள் பனிமூட்டத்தையும் மீன் பதப்படுத்தும் ஆலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஐந்து ஆண்டில் அவர் ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை. ஒவ்வொரு நாளும் குராமோச்சியைப் பற்றிக் கெட்டதாக எதையாவது நினைத்தார்.

தலைமை அலுவலகத்துக்குத் திரும்பி, இன்னும் பத்து ஆண்டு உழைத்து, ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சிந்தனைக்கு உடற்பயிற்சியும் சேர்ந்தது. தாமா ஆற்றங்கரையில் வலை கட்டிய பயிற்சிக் கூடம் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நுமாதா ஐந்தே முக்காலுக்கே வாசலில் நிற்பார். ஒரு கூடைக்கு எண்பது பந்து. எண்பதுக்கும் ஒரே பெயர். அடிக்கும்போது அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொள்வார். இரண்டாம் எழுத்தில் மட்டை மேலே போகும், கடைசி எழுத்தில் பந்து பறக்கும். தாளம் தவறாத பெயர்.

மனைவி மிசாவோவுக்கு இதில் வேறு கருத்து.

“பழிவாங்கணும்னா அந்த ஆளைவிட ரெண்டு வருஷம் கூட உயிரோட இருங்க. போதும். அதுக்கு விடிகாலையில எழுந்திருக்க வேண்டாம்.”

“நான் உயிரோட இருக்கறது அவனுக்குத் தெரியணுமே.”

“அவருக்கு உங்க முகமாவது ஞாபகம் இருக்குமா?”

நுமாதா மிசோ சூப்பைக் குடித்து முடித்தார். அன்று நூற்றறுபது பந்து அடித்தார்.

முகம் ஞாபகம் இருந்தது. அக்டோபரில் குராமோச்சியே தொலைபேசியில் கூப்பிட்டார். பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு, டோபிமோரிக்கு, நவம்பர் இரண்டாம் செவ்வாய்.

“இப்ப எதுக்குக் கூப்பிடறாரு?” என்றாள் மிசாவோ.

“கூட ஆடறவங்க எல்லாம் செத்திருப்பாங்க. எழுபத்துநாலு வயசு ஆயிடுச்சு இல்ல.”

“எழுபத்துநாலு வயசுக்காரரைத் தோற்கடிக்கவா மூணு வருஷம் பயிற்சி?”

“வயசு அவன் பிரச்சினை” என்றார் நுமாதா. கோட்டை இஸ்திரி போட எடுத்து வைத்தார்.

டோபிமோரியில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. கோட்டு போடாமல் வாசற்படி ஏற முடியாது. வரவேற்பில் இருந்தவர் நுமாதாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலணியைப் பார்த்தார். சுவரில் சாம்பியன்களின் பெயர்ப்பலகை; அதன் அடியில் குராமோச்சி ஒரு கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். நுமாதாவைக் கண்டதும் அவர் குனிந்து வணங்கினார். ஆழமான வணக்கம். கொள்முதல் இயக்குநர்கள் கற்றுக்கொள்ளாத ஆழம்.

“நுமாதா சார், வாங்க வாங்க. இவ்வளவு தூரம் வந்தீங்களே.”

‘நீ’ போய் ‘நீங்க’ வந்திருந்தது. ‘சார்’ வேறு. நுமாதா அதை முதுமையின் கணக்கில் வைத்தார். பயம் என்றும் வைத்துக்கொள்ளலாம். பயம் என்று வைத்துக்கொள்வதில் ருசி அதிகமாக இருந்தது.

பை தூக்க ஓகினோ என்கிற அம்மா வந்தார். அறுபது வயது, வெயில் தொப்பியில் கழுத்து மறைக்கும் துணி, இருபத்தாறு ஆண்டு அனுபவம். பந்து எந்தப் புல்லுக்குள் போனாலும் முகர்ந்து எடுத்துவிடுவார் என்று பெயர்.

முதல் ஒன்பது குழி நுமாதாவின் வாழ்க்கையிலேயே இனிப்பான இரண்டரை மணி நேரம். அவருடைய பந்து பைன் மரங்களுக்கு நடுவே நேராகப் போனது. குராமோச்சியுடையது மணலுக்குப் போனது, புதருக்குப் போனது, ஏழாவது குழியில் தாமரைக் குளத்துக்குப் போனது. ஒவ்வொரு முறையும் நுமாதா மிகுந்த பணிவோடு அனுதாபப்பட்டார். பணிவு என்கிற கத்தியைப் பத்தொன்பது ஆண்டாகத் தீட்டியவர் அல்லவா.

“அடடா, காத்து திடீர்னு திரும்பிடுச்சு சார்.”

“காத்தே இல்லையே ஐயா” என்றார் ஓகினோ அம்மா.

“சாருக்கு மட்டும் அடிச்சுதும்மா. இயக்குநரா இருந்தவங்களுக்கு அப்படி வர்றதுதான்.”

குராமோச்சி கோபப்படவில்லை. சிரித்தார். “உங்க ஆட்டம் எங்கயோ போயிடுச்சு நுமாதா சார். நைஸ் ஷாட், நைஸ் ஷாட்.” பந்து மரக்கிளையைத் தாண்டுவதற்கு முன்பே சொன்னார். நுமாதாவுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. எதனால் என்று தெரியவில்லை.

பாதி ஆட்டம் முடிந்தது. நுமாதா ஐந்து அடி முன்னால். வழக்கம்போல ஆட்டத்தை நிறுத்தி மதிய உணவுக்கு மாடிக்குப் போனார்கள். விலாங்கு மீன் வைத்த சோறு. குராமோச்சி பீர் ஊற்றினார். இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து, லேபிள் மேலே தெரியும்படி ஊற்றினார்.

“என் பையன் தொமோயாவை ஞாபகம் இருக்கா? சின்னப் பையனா இருந்தான்.”

“வளர்ந்திருப்பாரே சார்.”

“பாட்டில் மூடி விக்கிறான். என்ன செய்யறது, அவன் தலையெழுத்து. ஒரு வருஷமா ஒரு சோயா சாஸ் கம்பெனி வாசல்லயே நிக்கிறான். அங்க கொள்முதல் பார்க்கிற மேடம் ரொம்பக் கண்டிப்பாம்.” குராமோச்சி மீனின் ஒரு முள்ளைப் பொறுமையாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “நுமாதா ரிட்சுகோன்னு பேரு. பேரைக் கேட்டதும் நெனச்சேன், இது நம்ம நுமாதா சாரோட பொண்ணா இருக்குமோன்னு.”

நுமாதாவின் கையில் இருந்த சாப்பாட்டுக் குச்சிகள் நின்றன.

அவர் மகளைப் பற்றி யோசிக்கவில்லை. பாட்டில் மூடியைப் பற்றியும் யோசிக்கவில்லை. ஏழாவது குழியின் தாமரைக் குளத்தைப் பற்றி யோசித்தார். பந்தை அடிப்பதற்கு முன்னால் குராமோச்சி குளத்தைப் பார்த்தார். யாராவது தவிர்க்க நினைக்கிற இடத்தை அவ்வளவு அன்பாகப் பார்ப்பார்களா? நான்காவது குழியில் கைப்பிடியைத் தளர்த்தினார். எட்டாவதில், பந்து உருளுவதற்கு முன்பே முகத்தில் வருத்தத்தைப் பூசிக்கொண்டார்.

தோற்றிருக்கிறார். வேண்டுமென்றே.

முதலில் வந்தது சாதாரணக் கோபம். மூன்று வருடம் எண்பது எண்பதாக அடித்துச் சேர்த்த வெற்றியை, இந்த மனிதன் விலாங்கு மீனோடு சேர்த்துத் தட்டில் வைத்து நீட்டுகிறான். இதை வாங்கிக்கொண்டால் இது வெற்றி இல்லை, உபசாரம். இரண்டாவதாக வந்த கோபம் அதைவிட ஆழமானது, அது கலைஞனின் கோபம். எவ்வளவு மட்டமான வேலை. ஐந்து அடி வித்தியாசமாம். ஒன்பது குழிக்குள்ளாம். பதினோரு வருடம் எதிரே நின்று தினுசு தினுசாகப் பார்த்திருக்கிறான், ஒரு பாடமாவது மண்டையில் ஏறியிருக்கிறதா?

“பொண்ணு ஆபீஸ் விஷயத்துல நான் தலையிடறதில்ல சார்” என்றார்.

“சேச்சே, அதெல்லாம் வேண்டாம். இன்னைக்கு எல்லாரும் சந்தோஷமா ஆடிட்டுப் போனா போதும். ஒரு வார்த்தை, தொமோயான்னு ஒருத்தன் இருக்கான்னு. அவ்வளவுதான்.”

பத்தாவது குழியில் குராமோச்சி மறுபடியும் மணலில் போட்டார். நுமாதா பக்கத்தில் போய் நின்றார்.

“சார், ஒழுங்கா ஆடுங்க.”

“ஆடிட்டுத்தானே இருக்கேன்.”

“எனக்குத் தெரியாதா சார். நான் இதுலயே பொழச்சவன். முதுகெலும்போட ஆடுங்கன்னு கேக்கறேன். அதைப் பத்திப் பேசினவர் நீங்கதானே?”

குராமோச்சியின் காது சிவந்தது. அந்தக் குளியல் தொட்டி அவருக்கும் நினைவிருந்தது. பதினோராவது குழியில் அவர் தொப்பியைச் சரிசெய்து, கால்களை ஊன்றி, பல்லைக் கடித்து, முழு மனதோடு அடித்தார். நுமாதா மூச்சைப் பிடித்துக்கொண்டார். இதோ வருகிறது நிஜமான குராமோச்சி. இதை அடித்து நொறுக்கத்தானே இத்தனை வருடம்.

பந்து முப்பது கஜம் உருண்டு ஒரு புல்மேட்டில் உட்கார்ந்தது. குராமோச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு முறை அடித்தார், அதுவும் நிஜம்தான். முதல் அடியைவிடக் கேவலம். வேண்டுமென்றே தோற்றபோது அடித்த அடிகளே அவருடைய சிறந்த அடிகள் என்று தெரிந்தது.

நுமாதாவின் மனதில் இரக்கம் போல ஏதோ ஒன்று எட்டிப்பார்த்தது. அதைப் பார்த்தமாத்திரத்தில் கதவைச் சாத்தினார். ஆனால் உண்மையைச் சாத்த முடியவில்லை. இந்த மனிதனை நிஜமாக ஆடித் தோற்கடித்தால், இடுப்பு வலிக்காரரைத் தள்ளிவிட்ட பெருமைதான் மிஞ்சும். பொய்யாக ஆடித் தோற்கடித்தால், பாட்டில் மூடிக்கு ரசீது கொடுத்த மாதிரி ஆகும். இரண்டிலும் பழிவாங்கல் இல்லை. குராமோச்சி இன்று இங்கே வந்தது ஒரே ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போக. அது ஒரு தோல்வி. அதைக் கொடுக்காமல் அனுப்புவது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

அப்போது நுமாதா ஏழு அடி முன்னால் இருந்தார். இன்னும் ஏழு குழி. எதிராளி நிஜமாகவும் மோசமாக ஆடுகிறவர், வேண்டுமென்றும் மோசமாக ஆடுகிறவர். அவரை ஜெயிக்க வைக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல். நுமாதாவின் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு வேலை வந்ததே இல்லை.

பன்னிரண்டாவதில் அவருடைய பந்து பைன் மரத்தின் வலது பக்கக் கிளையில் பட்டு, இலை உதிர்கிற அழகோடு புதருக்குள் இறங்கியது. பதின்மூன்றில் மணலுக்குள் போய், மணலின் சுவரில் ஒட்டிக்கொண்டது. குராமோச்சி திரும்பிப் பார்த்தார். பதினான்கில் அவரும் முனைப்பைக் கூட்டினார். பந்தை நேராக வேலிக்கு வெளியே அனுப்பினார். நுமாதா ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்துவிட்டு, தன் பந்தை அதே வேலிக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி அனுப்பினார்.

“பிரமாதம்” என்றார் ஓகினோ அம்மா.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லீங்க ஐயா. இருபத்தாறு வருஷமா பை தூக்கறேன். ஒருத்தர் தோற்கறதுக்கு ஆடறதைத் தினமும் பாக்கறேன். ரெண்டு பேருமே அதுக்கு முட்டி மோதறதை இன்னைக்குத்தான் பாக்கறேன். நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறீங்களா, சமாதானம் ஆகறீங்களா?”

“சண்டைதான்” என்றார் நுமாதா.

பதினாறாவதில் குராமோச்சிக்குப் பொறுக்கவில்லை. கைத்தடியை ஊன்றி நெருங்கி வந்தார். “நுமாதா சார். நீங்க வேணும்னே செய்யறீங்க.”

“நானா? ரிடையர் ஆனவன் சார். எனக்கு விக்கறதுக்கு என்ன இருக்கு? யாருக்காக நான் தோற்கணும்?”

குராமோச்சி கைத்தடியை எடுத்துக்கொண்டு தன் பந்தை நோக்கி நடந்தார். தன்னைப் பற்றி அப்படிச் சொல்ல அவரால் முடியாது. அவரிடம் விற்க ஒரு லாரி பாட்டில் மூடி இருந்தது.

பதினேழாவது முடிந்தபோது இருவரும் சமம். ஓகினோ அம்மா அட்டையை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

பதினெட்டாவது குழி கிளப்பின் கண்ணாடி ஜன்னல்களுக்கு நேர் எதிரே. உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த உறுப்பினர்கள் சிலர் எழுந்து வந்து பார்த்தார்கள். குராமோச்சி மணலில் ஒன்று, புல்லில் ஒன்று என்று செலவழித்து, நான்காவது அடியில் குழிக்கு இரண்டு முழம் பக்கத்தில் வந்தார். உருட்டினார், தவறவிட்டார். மறுபடி தவறவிடத்தான் நினைத்தார். ஆனால் பாவம், கை நடுங்கியதில் பந்து குழிக்குள் விழுந்துவிட்டது. ஆறு.

நுமாதா நான்கு அடி முடித்திருந்தார். பந்து குழியிலிருந்து ஒரு முழங்கை நீளத்தில். இதைப் போட்டால் ஐந்து. டோபிமோரியில், சாம்பியன்கள் கைதூக்கி நின்ற புல்லில், குராமோச்சியை வென்றவர்.

“ஓகே, ஓகே” என்று குராமோச்சி அவசரமாகக் கையசைத்தார். “இவ்வளவு கிட்ட வந்தா போட்ட மாதிரிதான், போட வேண்டாம். பந்தை எடுத்துக்குங்க. நீங்க ஜெயிச்சாச்சு நுமாதா சார்.”

“இல்ல சார். இப்படிப்பட்ட மைதானத்துல போட்டு முடிக்கறதுதான் மரியாதை.”

“எடுத்துக்குங்கன்னு சொல்றேனே.”

“மன்னிக்கணும் சார்.”

நுமாதா குனிந்தார். புல்லின் சரிவைப் படித்தார், ஓகினோ அம்மாவிடம் “இடது பக்கம் கொஞ்சம் சாயுதில்லம்மா?” என்று கேட்டார். “ஒரு பந்து அகலம் ஐயா” என்றார் அந்த அம்மா. எதற்காகக் கேட்கிறார் என்பது தெரிந்தே சொன்னார். நுமாதாவின் மணிக்கட்டு அசைந்ததை யாரும் பார்க்கவில்லை. பந்து குழியின் விளிம்பில் முக்கால் வட்டம் சுற்றியது. கண்ணாடிக்குப் பின்னால் யாரோ “அச்சச்சோ” என்றார்கள். வெளியே வந்து ஒரு சாண் தள்ளி நின்றது.

“நுமாதா,” என்றார் குராமோச்சி. சார் போய்விட்டிருந்தது. “தொமோயாவுக்கு இது கடைசி வருஷம்ப்பா. இந்த ஆர்டர் வரலேன்னா வடக்க எங்கயோ தூக்கிப் போட்டுடுவாங்க.”

“அங்க மீன் நல்லா இருக்கும் சார்.”

இரண்டாவது உருட்டலில் பந்து குழியின் உதட்டில் வந்து, பாதி உள்ளே பாதி வெளியே என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நீண்ட பெருமூச்சு. விழும் என்று நினைத்து குராமோச்சியே அதை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். விழவில்லை.

மூன்றாவதில் நுமாதா அதை மெல்லத் தட்டி உள்ளே போட்டார். ஏழு.

“வாழ்த்துகள் சார். ஓர் அடியில முந்திட்டீங்க” என்றார். ஓகினோ அம்மா அட்டையை நீட்டினார். நுமாதா தன் பெயருக்கு எதிரே தெளிவாகக் கையெழுத்துப் போட்டு, பேனாவைக் குராமோச்சியிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் உறுப்பினர்கள் தங்கள் பழைய நண்பருக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.